சில்லைத் தொங்கவிட்டு இறுக்கிய போல்ட்

கேள்வி: என்னிடம் 1982 ஆம் ஆண்டு ரொயோற்றா கொறோலா கே.ஈ.70 செடான் கார் இருக்கிறது. வேலணையிலிருந்து தினமும் கடலைக் கடக்கிற பண்ணை வீதியால் யாழ்ப்பாணம் வந்து போகிறேன். பின்பக்கம் 'டொக், டொக்' என்று சத்தம் வந்ததால் முதலில் இரண்டு ஷொக் அப்சோபரையும் மாற்றினேன். சத்தம் நிற்கவில்லை. பிறகு ஒரு கராஜில் பின் அக்சிலைக் காரோடு பிணைக்கிற ஆர்ம்களின் எட்டு புஷ்ஷையும் மாற்றித் தந்தார்கள். கொஞ்சக் காலம் சுகமாக ஓடியது. பின்பக்கம் முன்னரைவிட ஒரு விரல் உயர்ந்துகூட நின்றது. ஏழு மாதத்தில் சத்தம் திரும்பிவிட்டது. கழற்றிப் பார்த்தால் எட்டில் ஐந்து கிழிந்திருக்கின்றன. படம் இணைத்திருக்கிறேன். வேகமாகப் போகும்போது பின்பக்கம் பக்கவாட்டில் ஆடுவது மட்டும் அன்றும் இன்றும் ஒரேமாதிரித்தான். எனக்குத் தந்தது போலிப் புஷ்ஷா? பொலியூரிதேன் போட்டால் தீருமா? இந்த வேலையை நானும் மகனும் வீட்டில் செய்யலாமா? எல்லாவற்றுக்கும் உப்புக் காற்றுத்தான் காரணம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நான்கு கேள்விக்கும் முதல், நீங்கள் கேட்காமல் சொல்லிவிட்டுப் போன ஒரு வரியைப் பிடித்துக்கொள்வோம். புஷ் மாற்றிய பிறகு பின்பக்கம் ஒரு விரல் உயர்ந்து நின்றது என்கிறீர்கள். ஸ்பிறிங்கில் யாரும் கை வைக்கவில்லை. ஷொக் அதற்கு முன்னரே மாற்றியாயிற்று. புஷ் என்பது ஆர்மின் முனையில் இருக்கிற இறப்பர் மூட்டு, காரைத் தூக்கிப் பிடிக்கிற சாமான் அல்ல. அப்படியிருக்க அது தூக்கியிருக்கிறது என்றால், காரை ஜக்கில் ஏற்றி, பின் சில்லுகள் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே எட்டுப் புஷ்ஷின் போல்ட்டுகளையும் முழு இறுக்கம் இறுக்கியிருக்கிறார்கள். கார் இறங்கியதும் புஷ்கள் முறுகிக்கொண்டு, தொங்கிய நிலைக்கே திரும்பப் பார்த்தன. அந்த எதிர்ப்புத்தான் உங்கள் ஒரு விரல் உயரம். அதுவேதான் ஏழு மாதத்தில் வந்த கிழிவும்.

புஷ்ஷைப் பெயரிங் மாதிரி நினைத்துவிடுவதால் வருகிற பிழை இது. இந்தப் புஷ்ஷில் வெளியே ஓர் உருக்குக் கூடு, உள்ளே ஓர் உருக்குக் குழாய், இரண்டுக்கும் இடையில் இரண்டு பக்கமும் ஒட்டி வார்த்த இறப்பர். போல்ட்டை இறுக்கியதும், ஆர்ம் பூட்டுகிற பிராக்கெற்றின் இரண்டு காதும் உள் குழாயை இறுகக் கவ்விக்கொள்ளும். அதன் பிறகு அந்தக் குழாய் அசையவே கூடாது. சில்லு ஏறி இறங்க ஆர்ம் அசையும். அந்த அசைவு முழுவதும் இறப்பரின் முறுக்கில்தான் நடக்கும். எங்கும் எதுவும் வழுக்குவதில்லை, சுழல்வதுமில்லை. ஆகவே எந்தக் கோணத்தில் போல்ட்டை இறுக்குகிறோமோ அந்தக் கோணந்தான் இறப்பருக்கு ஆறுதலான நிலை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்ம் 40 சென்ரிமீற்றர் நீளம், சில்லு தொங்கும்போது 8 சென்ரிமீற்றர் கீழே போகிறது என்று வைத்தால், ஆர்மின் கோணம் ஏறக்குறைய 11 ½ பாகை மாறும். தொங்கவிட்டு இறுக்கிய காரில், வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதே இறப்பர் அந்த 11 ½ பாகை முறுகியிருக்கும். தெருவில் ஒரு குழியோ மேடோ சில்லை இன்னும் 6 சென்ரிமீற்றர் மேலே தள்ளினால் முறுக்கு 20 பாகையைத் தாண்டிவிடும். சரியான உயரத்தில் இறுக்கியிருந்தால் அதே மேட்டில் அது 9 பாகையைக்கூட எட்டாது. இறப்பருக்கு இது இரண்டு மடங்குக்கும் மேலான வேலை, அதுவும் எப்போதும் ஒரே திசையில்.

இனிப் போலியா என்ற கேள்வி. நீங்கள் அனுப்பிய படம் நல்ல படம். கிழிந்த இடத்தைக் கழுவிவிட்டு எடுத்திருக்கிறீர்கள். கிழிவு உள் குழாயைச் சுற்றிப் பிறை வடிவில் ஓடுகிறது. குழாயின் மேல் இறப்பர்த் தோல் இன்னும் ஒட்டியபடி இருக்கிறது. அதாவது கிழிந்தது இறப்பரின் சதை, ஒட்டு விடவில்லை. மட்டமான புஷ் கெடும் விதம் வேறு: இறப்பர் உருக்கிலிருந்து சுத்தமாகக் கழன்று, குழாய் வெள்ளையாகப் பளபளக்கும். ஒயில் பட்டுக் கெட்டதென்றால் இறப்பர் வீங்கி, பிசுபிசுத்து, நகம் வைத்தால் கறுப்பாகக் கையில் வரும். வயதால் கெட்டதென்றால் வெளி முகத்தில் நுணுக்கமான வெடிப்புகள் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும். இந்த மூன்றும் உங்கள் படத்தில் இல்லை. ஐந்திலும் பிறை ஒரே திசையில் நிற்கிறது. விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது பின்பக்கம் ஆடுவது. "எட்டு புஷ்ஷையும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கே.ஈ.70 செடானின் பின்பக்கத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு ஆர்ம். ஆளுக்கு இரண்டு புஷ், ஆக எட்டு. அதோடு அக்சிலுக்கும் பொடிக்கும் (காரின் உடலுக்கும்) இடையே குறுக்காகப் படுத்திருக்கும் லற்றரல் றொட் ஒன்று உண்டு. அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு புஷ். மொத்தம் பத்து. (இதே காரின் வேகன் உருவத்தில் ஆர்மும் இல்லை, இந்த றொட்டும் இல்லை, அதில் இலை ஸ்பிறிங். எனவே வேகன் வைத்திருக்கும் நண்பரின் சாமான் பட்டியல் உங்களுக்கு உதவாது.) நாலு ஆர்மும் அக்சிலை முன்பின் நகராமலும் உருளாமலும் பிடிக்கின்றன. பக்கவாட்டில் பிடிப்பது அந்த ஒற்றை றொட். அதன் புஷ் நாற்பது வருடப் பழசாகக் கிடக்க, மற்ற எட்டையும் புதிதாக்கினால் ஆட்டம் எப்படி நிற்கும்? பண்ணையில் கடல் காற்று பக்கத்திலிருந்து அடிக்கும்போது உங்களுக்கு அந்த ஆட்டம் இன்னும் நன்றாகத் தெரியும்.

சாமான் வாங்க முதல் ஒரு பரிசோதனை. காரைச் சமதரையில், குழி இருந்தால் குழியின் மேல், நான்கு சில்லும் நிலத்தில் நிற்க விடுங்கள். மகன் ஹான்ட் பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டு, எஞ்சினை ஓட்டி, கிளச்சை மெதுவாகக் கடிக்க வைத்து, முதல் கியரும் ரிவேர்ஸும் மாறி மாறிப் போடட்டும். கார் அரை அங்குலம் அசைந்தால் போதும். நீங்கள் காரின் முன்னும் பின்னும் நிற்காமல், அடியிலும் படுக்காமல், பக்கத்தில் குனிந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். குழி என்றால் இதை எஞ்சின் நிறுத்தி, ஆட்கள் காரை முன்பின் தள்ளும்போது பாருங்கள். நல்ல புஷ்ஷில் ஆர்மின் கண்ணும் (புஷ் உட்காருகிற வளையம்) போல்ட்டும் சேர்ந்து போய், ஓரிரு மில்லிமீற்றர் இளகி, சத்தமில்லாமல் திரும்பும். கெட்ட புஷ்ஷில் கண் ஒரு பக்கம் தாவி 'டக்' என்று நிற்கும்.

லற்றரல் றொட்டுக்கு, ஒருவர் பின் கதவு ஓரத்தில் நின்று பொடியை இடமும் வலமுமாக ஆட்டட்டும். மற்றவர் றொட்டின் இரண்டு முனையையும் பார்க்கட்டும். பொடி போக றொட் பின்தங்கி வந்தால் முடிவு தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஆர்முக்கும் பிராக்கெற்றுக்கும் இடையில் ஒரு சிறிய லிவரை வைத்து மெல்லத் தெண்டிப் பாருங்கள். அலவாங்கு வேண்டாம். அலவாங்கால் தெண்டினால் புதுப் புஷ்கூடக் கெட்டதாகத்தான் தெரியும்.

சத்தத்துக்கு வேறு இரண்டு காரணமும் இருக்கலாம். முதல் கியரிலிருந்து ரிவேர்ஸுக்கு மாற்றும்போது வருகிற சத்தம் கனமாக 'டொக்' என்றால் ஆர்ம். மெல்லிய 'டிங்' என்று உலோகச் சத்தமாக நடுக் காருக்குக் கீழே வந்தால் புறொப்பெல்லர் சாஃப்ற்றின் யூனிவேர்சல் ஜொயின்ற். சாஃப்ற்றைக் கையால் பிடித்து முறுக்கினாலே ஆட்டம் தெரியும். ஒரு சில்லு மட்டும் குழியில் விழும்போது வருகிற சத்தமென்றால், நீங்கள் மாற்றிய ஷொக்கின் மேல் நட்டு இளகியிருக்கலாம். அதை டிக்கியைத் திறந்தே பார்த்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிராக்கெற். ஆர்மின் முன்முனை பிடிக்கிற பிராக்கெற் பொடியோடு வெல்டிங் வைத்து ஒட்டியது. தீவுப் பக்கம் ஓடுகிற காரில் கறள் முதலில் உட்காரும் இடங்களில் அதுவும் ஒன்று. ஸ்குரூ டிறைவரின் பிடியால் சுற்றித் தட்டுங்கள்: 'கிண்' என்றால் நல்லது. 'பொத்' என்றால், அல்லது செதில் உதிர்ந்தால், புஷ் வாங்குகிற காசை வெல்டிங்குக்கு வையுங்கள். போல்ட் ஓட்டையையும் பாருங்கள். வட்டமாக இருக்கவேண்டிய ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் எந்தப் புஷ் போட்டாலும் சத்தம் நிற்காது. காதின் வெளிப் பக்கத்தில் சரியான உள் விட்டமுள்ள தடித்த வொஷரை வைத்து வெல்டிங்கால் ஒட்டுவிப்பதுதான் வழி. ஒட்டும்போது புஷ் உள்ளே இருக்கக்கூடாது.

இனிச் சாமான். புஷ் பத்து. மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், லற்றரல் றொட் ஆகியவற்றின் புஷ்களை ஒன்றென்று நினைத்து வாங்காதீர்கள். கழற்றிய மாதிரி ஒவ்வொன்றையும் கடைக்குக் கொண்டுபோய், வெளி விட்டம், உள் ஓட்டை, உள் குழாயின் நீளம் மூன்றையும் வேர்ணியர் அளவுகோலால் ஒப்பிட்டு வாங்குங்கள். யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடுவிக்கலாம்; அளவை எழுதி அனுப்புங்கள், 'கே.ஈ. செவன்ரி' என்று மட்டும் சொல்லியனுப்பினால் வேகன் சாமான் வந்து சேரும். உள் குழாயின் நீளத்தை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அது ஒரு மில்லிமீற்றர் குட்டையாக இருந்தாலும் பிராக்கெற் காதுகள் அதை இறுகக் கவ்வாது. குழாய் போல்ட்டைச் சுற்றி உருளத் தொடங்கும், ஓட்டை தேயும்.

பழைய கூட்டில் புது இறப்பர் வார்த்துத் தருகிற இடங்களும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களைக் காப்பாற்றிக்கொள்ள இப்படிப் பல கைவேலைகள் கைகொடுத்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் வார்த்த புஷ்ஷில் இறப்பர் உருக்கோடு ஒட்டியிருக்கிறதா, சும்மா அடைத்திருக்கிறதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. வேறெங்கும் கிடைக்காத புஷ்ஷுக்கு மட்டும் அதை வையுங்கள்.

அடுத்தது போல்ட்டும் நட்டும். பழையதன் நடுத்தண்டில் கறள் குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். தலையில் 8.8 என்ற வலிமை எண்ணோ அதற்கு மேலான எண்ணோ பொறித்திருக்க வேண்டும். பழைய போல்ட்டின் தலையில் இருக்கும் குறிக்குக் குறையவே கூடாது. கேற்றுக்குப் போடுகிற போல்ட்டை இதற்குப் போடாதீர்கள். இன்னொன்று: புரி இல்லாத வழுவழுப்பான தண்டுதான் இரண்டு காதின் ஓட்டைக்குள்ளும் நிற்கவேண்டும். முழு நீளமும் புரி வெட்டிய போல்ட்டைப் போட்டால் காதின் ஓட்டைக்குள் புரிதான் நிற்கும். அது அரம் மாதிரி ஓட்டையைத் தின்னும்.

வீட்டில் செய்யலாமா என்றால், செய்யலாம். மணல் முற்றத்தில் அல்ல, சீமெந்துத் தரையில். காரைச் சீமெந்துக் கல்லின் மேலோ கொங்கிறீற் புளொக்கின் மேலோ நிறுத்தவே கூடாது. அது வெடிக்க முதல் எந்த எச்சரிக்கையும் தராது. இரண்டு நல்ல உருக்குத் தாங்கிகள் வேண்டும். ஹான்ட் பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கிறது, அந்தச் சில்லுகளைத்தான் தூக்கப் போகிறீர்கள். எனவே முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் பனங்குற்றித் துண்டை இறுக வையுங்கள்.

தாங்கியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. பொடிக்குக் கீழே வைத்தால் அக்சில் தொங்கும். நீங்கள் முன்பு பட்ட பாடு அப்படி வந்ததுதான். அக்சில் குழாயின் கீழே, சில்லுக்குக் கிட்டவாக, ஆர்மின் பிராக்கெற்றையும் பிரேக் குழாயையும் தொடாத இடத்தில் வையுங்கள். காரின் பாரம் ஸ்பிறிங்கின் மேலேயே இருக்கும், ஆர்ம்கள் தெருவில் நிற்கிற கோணத்திலேயே நிற்கும், அடியில் படுக்க இடமும் கிடைக்கும். ஆர்ம்களை இறுக்கும்போதும் காரை இறக்கத் தேவையில்லை.

ஆர்ம்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்று முழுதாகப் பூட்டி முடியும் வரை அடுத்ததில் கை வைக்க வேண்டாம். மூன்று ஆர்மும் லற்றரல் றொட்டும் இருக்கும்வரை அக்சில் தன் இடத்தில் நிற்கும். மேல் ஆர்ம் இரண்டையும் ஒருமிக்க எடுத்தால் அக்சில் உருண்டு, டிஃபரன்சலின் மூக்கு மேலேயோ கீழேயோ திரும்பி, பிரேக் ஹோஸை இழுக்கும். அதைத் திருப்பி ஓட்டைக்கு நேராகக் கொண்டுவர இரண்டு பேர் ஒரு பின்னேரம் முழுதும் மல்லுக்கட்ட வேண்டிவரும். ஷொக்கைக் கழற்ற வேண்டிய தேவை இந்த வேலையில் எங்கும் வராது.

முதல் நாளே எல்லா நட்டையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊடுருவும் ஒயில் விட்டு வையுங்கள். காலையில் இன்னொருமுறை. நட்டு கழன்றும் போல்ட் வராமல், திருப்பும்போது இறப்பரும் சேர்ந்து முறுகினால், போல்ட் உள் குழாயோடு கறள் பிடித்து ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். சுத்தியலால் அடித்து எடுக்க நினைக்காதீர்கள், காது விரியும். குழாயின் முனைக்கும் காதுக்கும் இடையே ஹக்சோ அலகை நுழைத்து இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் எதுவும் கெடாது. நெருப்புக் காட்டுகிற பழக்கம் கராஜ்களில் உண்டு. பெற்றோல் குழாயும் பிரேக் ஹோஸும் ஒரு முழ தூரத்தில் இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். ஏழு மாதத்துக்கு முன் புது போல்ட் போட்டிருந்தால் ஆர்ம்களில் இந்தத் தொல்லை பெரிதாக இராது. லற்றரல் றொட்டில் நிச்சயம் இருக்கும்.

புஷ்ஷை வெளியே எடுக்க முதல், கூடு ஆர்மின் கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று அளந்து சோக்கால் ஆர்மிலேயே எழுதிவையுங்கள். ஆர்மின் புஷ்ஷுக்கு வீட்டிலேயே ஒரு இழுவைக் கருவி செய்யலாம். 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள, 8.8 அல்லது அதற்கு மேலான புரிக் கம்பி 25 சென்ரிமீற்றர், நட்டு இரண்டு, தடித்த வொஷர் நாலைந்து. லேத் கடையில் இரண்டு துண்டு கடைவித்துக்கொள்ளுங்கள்: கூட்டின் வெளி விட்டத்தைவிட ஒரு மில்லிமீற்றர் குறைந்த தட்டு ஒன்று, கூடு சிக்காமல் உள்ளே விழக்கூடிய அகலமான குழாய் ஒன்று. தட்டு ஒரு பக்கம் தள்ள, குழாய் மறுபக்கம் ஆர்மின் கண்ணைத் தாங்க, நட்டைத் திருப்பத் திருப்பப் புஷ் குழாய்க்குள் வந்து விழும். புரிக்குக் கிறீஸ் பூசாவிட்டால் இரண்டாவது புஷ்ஷோடு நட்டு பிடித்துவிடும்.

நாற்பது வருடப் புஷ்ஷுக்கு இந்த இழுவை போதாது. லற்றரல் றொட்டை ஹைட்ரோலிக் பிறெஸ் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள்: றொட்டின் கண்ணைத்தான் தாங்க வேண்டும். றொட்டின் உடம்பைத் தாங்கி அழுத்தினால் கண் நீள்வட்டமாகும், றொட்டும் வளையும். அழுத்தியும் அசையாவிட்டால், இறப்பரைத் துளைத்து எடுத்துவிட்டு, மிஞ்சிய கூட்டின் உட்பக்கமாக ஹக்சோவால் ஒரு கீறு போட்டு, உளியால் உள்ளுக்கு மடிக்கலாம். கீறு கூட்டைத் தாண்டிக் கண்ணில் படக்கூடாது. இறப்பரை எரித்து எடுப்பது நாற்றமும் நஞ்சுப் புகையும். பெயின்ற் கருகிய இடத்தில் அடுத்த மாரிக்குக் கறள் வந்துவிடும்.

கண்ணின் உட்பக்கத்தை எமரிக் கடதாசியால் துடையுங்கள். கறளும் பெயின்றும் போனால் போதும், உலோகத்தைத் தின்னக்கூடாது. பிறகு கண்ணின் உள் விட்டத்தையும் புதுப் புஷ்ஷின் வெளி விட்டத்தையும் வேர்ணியரால் அளந்து பாருங்கள். புஷ் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவாவது பெரிதாக இருக்கவேண்டும். கையால் தள்ள உள்ளே போகிற புஷ் அந்தக் கண்ணுக்குரிய புஷ் அல்ல. உங்கள் ஆர்ம்களில் ஏழு மாதத்துக்குள் இரண்டாம் முறை புஷ் ஏறப்போவதால் இந்த அளவை விட்டுவிடாதீர்கள். இளகிய புஷ்ஷை இரண்டு பொட்டு வெல்டிங் வைத்துப் பிடிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் இறப்பரின் ஒட்டு அப்போதே போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது.

உள்ளே ஏற்றும்போது கூட்டின் வெளிப் பக்கத்தில் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். கிறீஸும் ஒயிலும் வேண்டாம். தள்ளுகிற தட்டு கூட்டின் உருக்கு விளிம்பில் மட்டும் உட்காரவேண்டும். உள் குழாயில் வைத்துத் தள்ளினால் புஷ் ஏறும், ஆனால் இறப்பர் பூட்டும்போதே கிழிந்துவிடும். முதல் இரண்டு மில்லிமீற்றர் நேராகப் போகிறதா என்று எல்லாப் பக்கமும் பாருங்கள். சரிந்து தொடங்கிய புஷ் நடுவில் நேராகாது. எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். சோக்கால் எழுதிய அளவு வந்ததும் நிறுத்துங்கள். இறப்பரில் வெற்றிடம் விட்டு வார்த்த புஷ் ஏதாவது கிடைத்திருந்தால், அந்த வெற்றிடம் பழையதில் எந்தப் பக்கம் நின்றதோ அதே பக்கம் நிற்கவேண்டும்.

திரும்பப் பூட்டும்போது ஓட்டை சில மில்லிமீற்றர் விலகி நிற்கலாம். போல்ட்டை அடித்து ஏற்றவேண்டாம். டிஃபரன்சலின் மூக்குக்குக் கீழே சிறிய ஜக்கை வைத்து மயிரளவு ஏற்றியும் இறக்கியும் பார்த்தால் போல்ட் விரலால் போகும். போல்ட்டின் வழுவழுப்பான தண்டிலும் உள் குழாய்க்குள்ளும் மெல்லிதாகக் கிறீஸ் பூசுங்கள். அடுத்தமுறை கழற்றும்போது நன்மை தெரியும். புரியில் பூசவேண்டாம், இறுக்க அளவு பிழைக்கும். பிராக்கெற் காதுகளின் உள் முகத்திலுள்ள கறளையும் தடித்த பெயின்றையும் சுரண்டிவிடுங்கள். உள் குழாயின் முனை வெறும் உருக்கைக் கவ்வவேண்டும்.

நட்டுகளை இப்போது கைப்பிடி அளவுக்கு மட்டும் ஏற்றிவையுங்கள். பத்தும் பூட்டியானதும் டிக்கிப் பக்கத்தை மூன்று நாலு முறை அழுத்தி விட்டு, ஆர்ம்கள் தங்கள் கோணத்தில் உட்கார விடுங்கள். சாதாரணமாக ஓடுகிற பாரம் இருக்கட்டும்: பெற்றோல் தாங்கியில் அரைவாசிப் பெற்றோல், டிக்கியில் வழக்கமான சாமான். அதற்குப் பிறகு ஆர்ம்களின் நட்டுகளை டோர்க் றெஞ்சால் இறுக்குங்கள். உங்கள் மாடலின் மனுவலில் உள்ள அளவே முதன்மை. மனுவல் கிடைக்காத இடத்தில், 12 மில்லிமீற்றர் 8.8 போல்ட்டுக்குச் சுமார் 80 நியூற்றன் மீற்றர் என்பது பொதுவான அளவு. தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்பவேண்டும்.

லற்றரல் றொட்டைக் கடைசிக்கு விடுங்கள். காரை இறக்கி, சில்லுகள் நிலத்தில் நிற்க, காரை ஒரு மீற்றர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு இறுக்குங்கள். இறுக்கியபின் மேசன்மார் பாவிக்கிற தூக்குக் குண்டை எடுத்து, பின் மட்காட்டின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் ரயரின் பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஐந்தாறு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் றொட் வளைந்திருக்கலாம், அல்லது ஸ்பிறிங் தாழ்ந்திருக்கலாம். ஸ்பிறிங் தாழ்ந்தால் அந்த றொட் அக்சிலை ஒரு பக்கமாகத் தள்ளும். முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவுக்கு இரண்டு பக்கமும் அளந்து பார்ப்பதும் நல்லது. ஸ்ரியறிங்கை நேராக வைத்து அளந்தால் இந்தக் காருக்கு 2400 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துவருகிறதா என்பதுதான் முக்கியம். இந்த அக்சிலில் திருப்பிச் சரிபண்ண எதுவும் இல்லை. பின் சில்லுக்கு அலைன்மென்ற் செய்து தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்கவேண்டாம்.

பொலியூரிதேன் பற்றி. ஆர்ம்களுக்கு வேண்டாம். கார் ஒரு பக்கம் சரியும்போது இந்த ஆர்ம்கள் ஏறி இறங்குவதோடு தங்கள் நீளத்திலும் சற்று முறுகவேண்டும். இறப்பர் அதற்கு விட்டுக்கொடுக்கும், பொலியூரிதேன் கொடுக்காது. கொடுக்காத பலம் எங்கே போகும்? நாற்பது வருடப் பிராக்கெற்றுக்குத்தான். அதோடு அதில் உள் குழாய் பொலியூரிதேனோடு ஒட்டியிராது, வழுக்கிச் சுழல்கிற முறை. அதற்கென்ற சிலிக்கோன் கிறீஸ் போடாவிட்டால் ஒவ்வொரு குழிக்கும் கீச்சிடும். உப்பும் மணலும் போனால் இன்னும் மோசம். லற்றரல் றொட்டின் இரண்டு முனைக்கு மட்டும் போட விரும்பினால் போடலாம். ஆட்டம் கொஞ்சம் கூடுதலாகக் குறையும், தெருச் சத்தமும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும். நான் என்றால் பத்துக்கும் இறப்பரே போடுவேன்.

கடைசிக் கேள்வி உப்பு. புஷ்ஷின் இறப்பரை உப்புக் காற்று ஏழு மாதத்தில் கிழிக்காது. ஆனால் போல்ட்டையும் உள் குழாயையும் ஒன்றாக ஒட்டவைப்பதும் பிராக்கெற்றைத் தின்பதும் அதுதான். அதற்குப் பயந்து சேர்விஸுக்குப் போகும்போதெல்லாம் காரின் அடிக்குப் பழைய எஞ்சின் ஒயிலோ டீசலோ விசிறுவிக்கிற வழக்கம் உங்களுக்கும் இருக்கலாம். இரும்புக்கு அது நல்லதாகத் தோன்றும்; இறப்பரை ஊதவைத்துக் கரைத்துவிடும். டிஃபரன்சலிலோ பின் சில்லுப் பக்கமோ ஒயில் கசிகிறதா என்றும் இந்த வேலைக்குள் பார்த்துவிடுங்கள், அந்த ஒயிலும் அதையேதான் செய்யும். பண்ணையால் வந்த கார் அடியைக் கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். உங்கள் கிணறு உவரென்றால் அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பைத் திரும்பப் பூசுவதுதான். மழைத்தண்ணீர் பிடித்த தொட்டி இருந்தால் அதைப் பாவியுங்கள். மெழுகு வகைப் பூச்சைப் பிராக்கெற்றுக்கும் போல்ட் தலைக்கும் தூரிகையால் பூசலாம், புஷ் முகத்தில் படாமல்.

300 கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள், சில்லு நிலத்தில் நிற்க. இந்தமுறை பின்பக்கம் ஒரு விரல் உயராது. உயர்ந்தால் எந்த நட்டையோ தொங்கவிட்டு இறுக்கியிருக்கிறீர்கள். அதை இளக்கி, காரை அழுத்தி விட்டு, மறுபடி இறுக்குங்கள்.